கடூனாவா, நெவியா? நைஜீரியக் கார்த் தொழிலின் இரண்டு வழிகள்

நைஜீரியாவில் கார் தயாரிப்பு என்று பேச்செடுத்தால் இரண்டு ஊர்கள் முன்னே வந்து நிற்கும். வடக்கே கடூனாவில் 1975 மார்ச்சில் திறக்கப்பட்ட பேஜோ ஆலை ஒன்று. தென்கிழக்கே அனம்ப்ரா மாநிலத்து நெவியில், 2010 அக்டோபரில் அதிபர் குட்லக் ஜொனாதன் திறந்துவைத்த இன்னோசன் ஆலை மற்றொன்று. முன்னது அரசும் பிரெஞ்சு நிறுவனமும் ஒப்பந்தம் போட்டு நிறுவியது. பின்னது உதிரிபாக வணிகத்தில் வளர்ந்த ஒருவர் தன் பெயரையே வண்டிக்கு இட்டுத் தொடங்கியது. சாலையில் இறக்கிய வண்டிகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் கடூனாதான் பெரிது. தொழில் அந்த மண்ணில் வேர் பிடித்திருக்கிறதா என்று கேட்டால், சில தயக்கங்களோடு, நான் நெவியின் பக்கமே நிற்பேன்.

கடூனா ஆலை எண்ணெய்ப் பணம் பெருகிய காலத்தின் பிள்ளை. 1972இல் பேஜோவுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. லாகோஸில் வோக்ஸ்வேகனுக்கும் இடம் கிடைத்தது. கடூனாவில் உருவான பேஜோ 504 நல்ல வண்டி என்பதில் ஐயமில்லை. மேடுபள்ளமான சாலைகளைத் தாங்கும் சஸ்பென்ஷனும், ஊர் மெக்கானிக்கே பிரித்து மாட்டக்கூடிய எளிய எஞ்சினும் அதற்கு இருந்ததால், அதிகாரிகளின் வாகனமாகவும், அதன் ஸ்டேஷன் வேகன் வடிவம் ஊர்விட்டு ஊர் ஓடும் வாடகை வண்டியாகவும் நாடு முழுவதும் பரவியது. ஆனால் அந்த வண்டியின் பாகங்கள் வந்த வழியைக் கவனிக்க வேண்டும். 1975இல் அரசு அளவுக்கு மீறி வாங்கிக் குவித்த சிமென்ட்டை ஏற்றிய கப்பல்களால் லாகோஸ் துறைமுகம் அடைபட்டுக் கிடந்த நிலையில், பிரான்சின் லியோன் நகரிலிருந்து கானோவுக்கு விமானத்திலேயே கார்ப் பாகங்களைக் கொண்டுவந்து, வட நைஜீரிய நகரமான அங்கிருந்து கடூனாவுக்கு எடுத்துச் செல்லும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. கதவையும் பானெட்டையும் வான்வழியே வரவழைத்துப் பூட்டும் தொழில், அந்நியச் செலாவணி தாராளமாக இருக்கும் வரைதான் நிற்கும். எண்ணெய் விலை சரிந்து, 1986இல் கட்டமைப்புச் சீரமைப்பு என்ற பொருளாதாரச் சீர்திருத்தத் திட்டத்தின் கீழ் நாட்டின் நாணயமான நைரா மதிப்பிழந்தபோது பாகங்களின் விலை எகிறியது. சம்பளக்காரருக்குப் புதுக் கார் எட்டாக்கனியானது. அந்த இடத்தை ‘டோகுன்போ’ என்று மக்கள் அழைக்கும் வெளிநாட்டுப் பழைய கார்கள் பிடித்துக்கொண்டன. ஆலை பின்னர் தனியார்மயமாகி, கடனில் சிக்கி, நெடுங்காலம் தளர்ந்து கிடந்தது. 2022இல்தான் நைஜீரியத் தொழில் நிறுவனமான டாங்கோட்டே குழுமத்தின் பங்கேற்புடன் கடூனாவில் பேஜோ கார்கள் மறுபடியும் வெளிவரத் தொடங்கின.

நெவியின் கதை வேறு விதமாகத் தொடங்குகிறது. இன்னோசனின் நிறுவனர் இன்னசன்ட் சுக்வுமா பொறியியல் படிக்க விரும்பியும் பல்கலைக்கழக இடம் கிடைக்காமல், உதிரிபாக வணிகர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தவர். முதலாளியிடம் சில ஆண்டுகள் உழைத்த பிறகு, அவர் தரும் மூலதனத்தை வைத்துத் தனிக்கடை போடுவது தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ இன மக்களிடையே இன்றும் உயிரோடிருக்கும் முறை. தனியாக வணிகம் தொடங்கிய சுக்வுமா, மோட்டார் சைக்கிள்களை முழு வண்டியாக இறக்கினால் கன்டெய்னரில் பாதி இடம் காற்றுக்கே போகிறது என்று கண்டார். அவற்றைப் பிரித்துப் பெட்டிகளில் அடுக்கச் செய்தபோது ஒரே கன்டெய்னரில் பல மடங்கு வண்டிகள் அடங்கின, விற்பனை விலையும் இறங்கியது, நெவியில் பூட்டும் வேலையும் பிறந்தது. சரக்குக் கட்டணத்தைக் குறைக்க எழுந்த இந்த யோசனையே பின்னாளில் கார் ஆலைக்கு வழி திறந்தது என்பது என் கருத்து.

அடுத்த படி அதைவிட முக்கியமானது. எனுகுவில் அவர் பிளாஸ்டிக் தொழிற்சாலை அமைத்தார்; நாற்காலியும் தட்டும் வார்த்த அந்த நிறுவனம் பிறகு கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்களையும் செய்தது. நெவியைச் சுற்றி 1980களிலிருந்தே தைவான் நாட்டவரின் தொழில்நுட்ப உதவியோடு உதிரிபாகம் செய்யும் சிறு ஆலைகள் முளைத்திருந்தன. மின்கம்பி தயாரிக்கும் கியூட்டிக்ஸ் நிறுவனம் 1982 முதல் அங்கே இயங்குகிறது. பொது மின்சாரத்தை நம்ப முடியாமல் ஜெனரேட்டரை ஓட்டியே பிழைத்த ஊர் அது. கடூனாவுக்கு ஆலை கிடைத்தது. நெவியிலோ ஆலைக்கு முன்பே அதற்கு வேண்டிய கைத்திறனும் கடைத்தெருவும் இருந்தன.

இருந்தாலும், தன் வண்டியில் எழுபது விழுக்காடு உள்நாட்டுப் பாகம் என்று இன்னோசன் தரப்பு சொல்வதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. பாகங்களின் எண்ணிக்கையில் கணக்கிடுவதற்கும் மதிப்பில் கணக்கிடுவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. எஞ்சின் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது, பல மாடல்களின் வடிவத்தில் சீனச் சாயல் வெளிப்படையாகத் தெரிகிறது. இதைச் சொல்வது அந்த உழைப்பைக் குறைத்துப் பேசுவதாகாது.

2013இன் வாகனத் தொழில் கொள்கை இரு ஆலைகளுக்கும் பொதுவான சோதனை. முழுக் காராக இறக்குமதி செய்வோருக்கு அது 35 விழுக்காடு வரியும் அதன் மேல் இன்னொரு தீர்வையும் விதித்தது. பிரித்த பாகங்களை இறக்குவோருக்கு வரியை வெகுவாகக் குறைத்தது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பெயின்ட் அடித்து முடித்த பாடியைக் கொண்டுவந்து எஞ்சினையும் சக்கரங்களையும் மட்டும் மாட்டினாலும் அது உள்நாட்டுத் தயாரிப்பு என்றே கணக்கில் சேர்கிறது. வெல்டிங்கும் பெயின்ட்டும் உள்ளூரிலேயே நடக்கும் ஆலைக்கும் இதற்கும் தொழிலாளி கற்றுக்கொள்வதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 2020இன் நிதிச் சட்டம் இறக்குமதிக் கார்கள் மீதான தீர்வையைப் பெருமளவு குறைத்தபோது, பல ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டு முதலிட்டவர்களின் காலடி நிலமே நகர்ந்தது. இத்தகைய அடி ஒப்பந்தத்தில் வந்த வெளிநாட்டுப் பிராண்டைவிட, திரும்பிப் போக வேறு நாடு இல்லாத நெவிக்காரரையே அதிகம் நோகடிக்கும்.

வாங்குவோரைப் பொறுத்தவரை இரண்டுக்கும் அரசுத் துறைகளே பெரிய வாடிக்கையாளர்கள். தனியாருக்கு டோகுன்போவின் விலையே அளவுகோல். 2023இல் நைராவின் மாற்று விகிதக் கட்டுப்பாடு தளர்ந்து அதன் மதிப்பு சரிந்தபோது, டாலரில் பாகம் வாங்கும் இரு ஆலைகளுக்குமே செலவு ஏறியது. கார் பாடிக்கான உருக்குத் தகட்டையாவது உள்நாட்டில் பெற்றிருந்தால் இந்தச் சுமையில் ஒரு பங்கு குறைந்திருக்கும். அஜாவோகூட்டா உருக்காலை நாட்டின் தொழில்களுக்கு அடித்தளமாகும் என்ற நம்பிக்கையோடு தொடங்கப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்னும் அது முழு உற்பத்திக்கு வரவில்லை.