காலிங் பெல் ஒயரில் கேமரா பெல்: கரண்ட் எந்த வழியில் கொடுப்பது?

நியூஜெர்சியிலிருந்து வந்த மச்சான் ஒரு வீடியோ டோர்பெல்லும், கூடவே உள்ளங்கை அளவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் கொண்டுவந்தார். எலக்ட்ரீஷியன் வரும்வரை பொறுமை இல்லாமல் டிரான்ஸ்ஃபார்மரை நானே இணைத்துப் பார்த்தேன். அதன் வயிற்றில் '120 வோல்ட்' என்று அச்சிட்டிருந்ததைப் படித்தது, வார்னிஷ் கருகும் வாடை ஹால் முழுக்கப் பரவிய பிறகுதான். நல்ல வேளை, டோர்பெல்லை இன்னும் மாட்டவில்லை.

அமெரிக்க வீடுகளில் பெல் ஒயரில் ஓடுவது பெரும்பாலும் 16 வோல்ட் ஏசி. 'பழைய பட்டனைக் கழற்று, இதை மாட்டு' என்று யூடியூபில் சுலபமாகச் சொல்வது அந்த வீட்டுக்கு. நம் வீட்டில் பெல் ஓடுவதே 230 வோல்ட்டில். ஸ்விட்ச் போர்டிலிருந்து பேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயர், கேட்டுக்குப் போகிறது, பெல் ஸ்விட்ச் வழியாக ரிட்டர்னாக ஹாலுக்கு வருகிறது. கரண்ட் திரும்பும் ஒயரான நியூட்ரல் நேராக பெல்லுக்கே போய்விடுகிறது. கேட் பெட்டிக்குள் இரண்டு ஒயர் இருக்கும், நியூட்ரல் இருக்காது. 16–24 வோல்ட் கேட்கும் இந்த மாதிரி டோர்பெல்லை அந்த இரண்டு ஒயரில் நேராக மாட்டினால் அடுத்த வேலை குப்பைத்தொட்டியைத் தேடுவதுதான்.

அப்படியானால் கரண்டுக்கு என்ன வழி? என் வீடு, அக்கா வீடு, நண்பனின் புது வீடு என்று மூன்று இடத்தில் மூன்று விதமாகச் செய்து பார்த்தாகிவிட்டது.

பேட்டரி மாடலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாடகை வீடா, அதுவே போதும். ஆனால் மேற்கு பார்த்த கேட் என்றால் யோசியுங்கள். லித்தியம் பேட்டரி பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற மறுக்கும். சித்திரை வெயிலில் மதியம் மூன்று மணிக்கு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அந்தச் சூடு சாதாரணம். 'ஒயர் கொடுத்தும் சார்ஜ் ஏறவில்லை' என்று ஒயரைத் தோண்டுவதற்கு முன் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள்.

அக்கா வீட்டில் 5 வோல்ட் மொபைல் சார்ஜர் வழி. 5 வோல்ட்டில் ஓடும் மாடல் என்பதால், ஹாலில் சார்ஜரைச் சொருகி 0.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் 18 மீட்டர் தள்ளியிருந்த கேட்டுக்கு இழுத்தார்கள். பகலில் நல்ல பிள்ளை. பொழுது சாய்ந்தால் போதும், ஆஃப் ஆகும், தானே ஆன் ஆகும், வைஃபை தேடும், மறுபடி ஆஃப். ரவுட்டரைக் குறை சொல்லி ரவுட்டரும் மாற்றியாயிற்று. மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்கு கேட்டில் போய் நின்றேன். பகலில் 4.8 வோல்ட் காட்டிய இடத்தில் 4.1. இருட்டினதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிகின்றன, கரண்ட் கூடுகிறது, ஒயர் வோல்ட்டைத் தின்கிறது. கணக்கு எளிது: அந்த ஒயர் 1000 மீட்டருக்கு 39 ஓம். போக 18, வர 18, மொத்தம் 36 மீட்டருக்கு 1.4 ஓம். 1 ஆம்ப் ஓடினால் 1.4 வோல்ட் வழியிலேயே காலி. 5-ல் 1.4 போனால் மிஞ்சுவது 3.6. இதே ஒயரில் 18 வோல்ட் கொடுத்திருந்தால், அதே அளவு வேலைக்கு 0.3 ஆம்ப் போதும். இழப்பு அரை வோல்ட் கூட வராது. சார்ஜர் வழி என்றால் கேமராவுக்கும் பிளக்குக்கும் நடுவே மூன்று, நான்கு மீட்டர் வரைதான் என் ஓட்டு. அக்கா வீட்டில் கடைசியில் கேட்டுப் பக்கத்து மோட்டார் ரூம் பிளக்கிலிருந்து எடுத்தோம், பிரச்சினை தீர்ந்தது.

என் வீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் வழி. சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் முதலில் கையில் கொடுத்தது 12-0-12, அதாவது வெளியே மூன்று ஒயர், நடு ஒயருக்கும் ஒவ்வொரு ஓரத்துக்கும் 12 வோல்ட். இரண்டு ஓரத்தையும் எடுத்தால் 24 வோல்ட், டோர்பெல் பெட்டியில் போட்ட 16–24-க்குள் அடங்குகிறதே என்று தோன்றும். அடங்காது. லோடு இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதலாகத் தரும். எங்கள் தெருவில் பின்னிரவில் லைன் 250 தொடும். இரண்டும் சேர்ந்தால் 29-க்குப் பக்கம். அதனால் 9-0-9, 2 ஆம்ப் வாங்கினேன். ஓரத்துக்கு ஓரம் 18 வோல்ட், 36 விஏ (வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கினால் வரும் திறன்). லைன் 250 ஏறினாலும் 23-க்குள் நிற்கிறது, 210-க்கு இறங்கினாலும் 16-ஐ விட்டுக் கீழே போகவில்லை. நடு ஒயரைத் தொடக்கூடாது, அதை எடுத்தால் 9 வோல்ட்தான். கேமராவில் லைட் மட்டும் மினுக்கும், படம் வராது.

அடுத்த சிக்கல் பழைய ஒயரைத் திருப்புவது. கேட்டுக்குப் போன பேஸை போர்டில் கழற்றி, இரண்டு ஒயரையும் டிரான்ஸ்ஃபார்மரின் 18 வோல்ட் பக்கம் சேர்க்க வேண்டும். எங்கள் எலக்ட்ரீஷியன் மெயினை ஆஃப் செய்து கேட் பெட்டியைத் திறந்துவிட்டுச் சொன்னார், "சார், இந்த பேஸ்லருந்துதான் கேட் லைட்டுக்கும் லூப் எடுத்திருக்காங்க. இதைப் பிடுங்கினா லைட்டு போயிரும்." அப்படி பேஸிலிருந்து கிளை (லூப்) எடுத்திருக்கும் வீட்டில் புதிதாக ஒயர் இழுத்தே ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை. பைப்பில் 230 ஒயர்களோடு சேர்த்து மெல்லிய டெலிஃபோன் ஒயரை விட்டுவிடாதீர்கள், அதே தரத்து இன்சுலேஷன் உள்ள 1 ஸ்கொயர் எம்எம் போடுங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு மூடிய பெட்டி, 230 பக்கம் ஒரு ஃபியூஸ். இந்தப் பக்கத்து வேலையை எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள்; நான் விட்டேன், வார்னிஷ் வாடை மறக்கவில்லை.

மாட்டிய பிறகு ஒரு வேடிக்கை. எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "சப்ளையே வரலை சார்" என்றார். 18 வோல்ட்டுக்கு நியான் டெஸ்டர் எரியாது. எதிர்ப்பக்கமும் ஏமாற்றும்: கழற்றிப் போட்ட ஒயரில்கூட பக்கத்து ஒயரின் தூண்டலால் டெஸ்டர் மங்கலாக எரியும், டிஜிட்டல் மீட்டர் 60, 70 என்று ஏதோ காட்டும். சந்தேகம் வந்தால் ஒரு ஜீரோ வாட் பல்பை அந்த ஒயருக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பிடித்துப் பாருங்கள். எரியவில்லை என்றால் அது பொய்க் கரண்ட். கேமராவின் வோல்ட்டை அளப்பதும் அது ஓடிக்கொண்டிருக்கும்போதுதான், முடிந்தால் ராத்திரியில். கழற்றிவிட்டு அளந்தால் எல்லா டிரான்ஸ்ஃபார்மரும் யோக்கியனாகத்தான் தெரியும்.

நண்பன் கட்டிய புது வீட்டில் பூச்சுக்கு முன்பே கேட்டுக்கு ஒரு கேட்6 (Cat6) நெட்வொர்க் கேபிள் விட்டுவிட்டான். பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்) முறை: 48 வோல்ட்டும் இன்டர்நெட்டும் ஒரே கேபிளில், 100 மீட்டர் வரை. மாடிப்படி, சுவர் தாண்டி வைஃபை வருமா என்ற கவலையும் இல்லை. என்னைக் கேட்டால் நான்கில் இதுதான் முதல் இடம், ஆனால் சுவரைக் கொத்தி இழுக்கும் அளவுக்கு அல்ல. அவனுக்கும் ஒரு வாரம் ஆட்டம் காட்டியது. காரணம், விலை மலிவு என்று வாங்கிய கேபிள் உள்ளே அலுமினியம், மேலே செம்பு முலாம். நுனியைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்துவிடும். முழுச் செம்பு கேபிள் மாற்றினதும் அடங்கியது.

இன்வெர்ட்டர் விஷயம் எல்லாருக்கும் பொது. டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிட்டு ரவுட்டரை மறந்தால், கரண்ட் போன நேரத்தில் கேமரா தனக்குத்தானே படம் பார்த்துக்கொண்டிருக்கும். எங்களுடையது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். கரண்ட் போனால் டிரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்று இரையும். பெட்டிக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்த பிறகு பாதி குறைந்தது.

பழைய பெல் ஸ்விட்ச் போனதும் ஹாலில் இருந்த பழைய 'டிங் டாங்' ஊமையாகிவிட்டது. அடுப்படியில் மிக்ஸி ஓடும்போது அம்மாவுக்கு ஃபோன் நோட்டிஃபிகேஷன் எங்கே கேட்கும்? பால்காரர் இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் பிளக்கில் சொருகும் வைஃபை சைம் (மணி) ஒன்று வாங்கி, அடுப்படியிலேயே மாட்டினேன்.