விவாதமா, பேட்டியா, பாட்காஸ்ட்டா, துண்டு வீடியோவா? ஒரு காயில் கடைக்காரரின் கணக்கு

வேலூர் சத்துவாச்சாரியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கைக்கு நாள் முழுக்க வேலை, காது மட்டும் சும்மா இருக்கும். அரசியல் பேச்சு கேட்டே பாதி வாழ்க்கை போயிருக்கிறது. முதலில் ரேடியோ, அப்புறம் மூலையில் மாட்டிய சின்ன டிவி, இப்போது போன்.

ஆனால் கம்பி கோர்க்கும்போது எதையும் கேட்கக் கூடாது. இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு சப்மெர்சிபிள் மோட்டாருக்கு ஸ்லாட்டுக்கு ஸ்லாட், அதாவது கம்பி உட்காரும் ஒவ்வொரு பள்ளத்துக்கும், சுத்து எண்ணிக்கொண்டிருந்தேன். போனில் ஒருத்தர் தொகுதிவாரியாக ஓட்டு வித்தியாசத்தை அடுக்க ஆரம்பித்தார். நான் போட்டது 43-ஆ 44-ஆ? அவர் கணக்கும் என் கணக்கும் கலந்துபோய், அந்த ஸ்லாட்டைப் பிரித்து மறுபடி கோர்க்க வேண்டியதாயிற்று. அரசியலைக் கேட்க எது நல்ல வழி என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, அந்த நேரத்தில் உன் கை என்ன செய்யும் என்பதுதான்.

இப்போது நம் பக்கத்தில் நாலு வழி ஓடுகிறது: ராத்திரி டிவி விவாதம், யூடியூப் பேட்டி, படமே இல்லாமல் காதில் மட்டும் கேட்கிற பாட்காஸ்ட், வாட்ஸ்அப்பில் வந்து விழும் துண்டு. ஒவ்வொன்றையும் கேட்கிற ஆள் வேறு, கேட்கிற நேரமும் வேறு.

டிவி விவாதம் எங்கள் நைனாவுடையது. 'நேர்பட பேசு', 'ஆயுத எழுத்து' என்று சேனல் மாற்றி மாற்றிப் பார்ப்பார். செய்தி தெரிந்துகொள்ள அல்ல, காலையிலேயே தினத்தந்தியைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டவர் அவர். யார் யாரை மடக்கினார்கள் என்று பார்க்க உட்காருகிறார். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த காது அது. பட்டிமன்றத்தில் ஒருத்தர் முடிக்கும்வரை அடுத்தவர் வாய் திறக்க மாட்டார், கடைசியில் நடுவர் தீர்ப்பு சொல்லுவார். டிவியில் இரண்டும் கிடையாது. ஒரு மணி நேரத்தில் விளம்பரத்தைக் கழித்து, நெறியாளரையும் நாலு விருந்தினரையும் வகுத்துப் பாருங்கள். தலைக்கு எட்டு ஒன்பது நிமிஷம் தேறினால் அதிகம், அதிலும் பாதி ஒருவர் மேல் ஒருவர் பேசுவது. தீர்ப்பு சொல்லவேண்டிய இடத்தில் "நேரம் முடிந்துவிட்டது" என்பார்கள்.

இருந்தாலும் டிவிக்கு ஒரு பலம் உண்டு, அதை மற்ற மூன்றும் தொட முடியாது. எதிர்க்கட்சிக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பொய் சொன்னால் அங்கேயே ஒருத்தர் கத்துவார். கத்துவது நாகரிகமில்லைதான், ஆனால் கத்த ஆள் இருக்கிறது.

யூடியூப் பேட்டியில் அந்த ஆள் இல்லை. ஒரு மேஜை, இரண்டு மைக், ஒரு நெறியாளர், எதிரே ஒரு 'மூத்த பத்திரிகையாளர்' அல்லது 'அரசியல் விமர்சகர்'. முக்கால் மணி நேரம் ஒருத்தரே பேசலாம். நெறியாளர் தலையாட்டுவார், நடுவில் "அப்படியா சார்?" என்பார். தெருமுனைக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக் குளிர்சாதனம் வைத்த மாதிரி. தம்ப்நெயிலைப் பார்த்தால் 'உடைந்தது கூட்டணி', சிவப்பு அம்புக்குறி, வாயைப் பிளந்த தலைவர் படம். உள்ளே போனால் 35-ஆவது நிமிஷத்தில், உடைந்தாலும் உடையலாம் என்று ஒரு வரி.

கிண்டல் செய்தாலும் என் ஓட்டு இதற்குத்தான், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரல் 18-ஆம் தேதி வேலூர் மக்களவைத் தொகுதிக்கு ஓட்டுப்பதிவு நடந்திருக்க வேண்டும். கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதைத் தொடர்ந்து இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 16-ஆம் தேதி, தேர்தலையே ரத்து செய்தார்கள். ஊரில் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: தேர்தல் கமிஷன் நினைத்தால் நிறுத்திவிடலாமா? அன்றைக்கு ராத்திரி நான் பார்த்த விவாதங்களில் "பணம் யாருடையது" என்ற சண்டையிலேயே நேரம் போய்விட்டது. மக்களவைத் தேர்தல் அறிவிக்கையை வெளியிடுபவர் குடியரசுத் தலைவர், அதனால் கமிஷன் பரிந்துரைக்க அவர்தான் அதை ரத்து செய்ய முடியும் என்ற விவரத்தை நிதானமாக ஒருத்தர் விளக்கி நான் கேட்டது ஒரு யூடியூப் பேட்டியில். அந்த மாதிரி விஷயத்துக்குக் குறுக்கே பேசாத பத்து நிமிஷம் வேண்டும். டிவியில் அது கிடைக்காது.

அதே யூடியூபில் நான் கவனித்த இன்னொரு பழக்கம், ஆட்கள் சேனலைத் தேடுவதில்லை, பேசுகிறவரைத் தேடுகிறார்கள். கடைக்கு வருகிறவர் "இன்னைக்கு அவரு எங்க பேசிக்கிறாரு, போடுப்பா" என்பார். பேர் சொல்லத் தேவையில்லை. 'அவர்' ஒரே நாளில் மூன்று சேனலில் அதே சட்டையோடு அதே கருத்தைச் சொல்லியிருப்பார். மூன்றையும் கேட்டுவிட்டு "எல்லா சேனல்லயும் இத்தத்தான் சொல்றாங்க" என்று முடிவுக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியும். விஐடியில் படிக்கிற அக்கா மகன் இதையே ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறான். அவன் போனில் கேட்டால் தலைவர்கள் எல்லாரும் ஒரே அவசரத்தில் இருக்கிறார்கள்.

இனி காதில் மட்டும் கேட்பது. 'பாட்காஸ்ட்' என்ற சொல் பிறந்த 2004-இல் அது ஆடியோதான். நம் ஊரில் இன்று பாட்காஸ்ட் என்றால் இரண்டு பேர் பெரிய மைக் முன்னால் உட்கார்ந்திருக்கும் வீடியோ. நம் ஊர் மட்டும் இல்லை. பாட்காஸ்ட் பார்க்க மாதம் நூறு கோடிப் பேர் தங்களிடம் வருவதாக யூடியூப் கம்பெனியே 2025 பிப்ரவரியில் சொன்னது. முதலமைச்சராக இருந்தபோது மு.க. ஸ்டாலின் 2023 செப்டம்பரில் 'ஸ்பீக்கிங் ஃபார் இந்தியா' என்று ஆடியோ தொடர் ஆரம்பித்தார். பிரதமர் மோடியின் 'மனதின் குரல்' 2014 அக்டோபரிலிருந்து வருகிறது. ஆனால் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் இந்த இரண்டையும் முதலிலிருந்து கடைசி வரை கேட்டவர் யாரும் இல்லை. மறுநாள் பேப்பரில் வந்த நாலு வரிதான் அவர்களுக்குத் தெரியும். ஒருத்தரே பேசி, மறுத்துக் கேட்க ஆளில்லாவிட்டால் நம்மவர்கள் சீக்கிரம் எழுந்துவிடுகிறார்கள். மேடையில் என்றால் கைதட்டவாவது கூட்டம் இருக்கும்.

ஆடியோ எங்கே ஜெயிக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும், அங்கேதான் அது இல்லை. குடியாத்தத்தில் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, பீடி சுற்றுகிறார். மடியில் முறம், இலையைக் கத்தரித்துத் தூள் வைத்து உருட்டி நூல் கட்டுகிற கை நிற்காது. விரலெல்லாம் புகையிலைத் தூள், போனைத் தொட முடியாது. பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு ஒரு சொம்பில் சாய்த்து வைத்திருப்பார். கண் இலையில் இருக்கிறது, திரையைப் பார்ப்பதே இல்லை. ஆனால் காசு கட்டாத யூடியூபில் திரை அணைந்தால் சத்தமும் நின்றுவிடும். அதனால் யாரும் பார்க்காத படம் மத்தியானம் முழுக்க ஓடுகிறது, போன் சூடாகிறது, மாலைக்குள் சார்ஜ் காலி. இன்னொரு கூத்து, அவர் காலையில் போட்டது ஒரு சமையல் வீடியோ. ஒன்று முடிந்து அடுத்தது தானாக ஓடி, நான் போனபோது ஏதோ ஒரு கட்சிக்காரரின் மேடைப் பேச்சில் வந்து நின்றிருந்தது. "இவர் பேச்செல்லாம் கேக்கறியாக்கா?" என்றேன். "அது பாட்டுக்குப் பேசிக்கினு இருக்குது, கைய கழுவிக்கினு போய் யாரு மாத்தறது?" என்றார். இதையும் ஒரு பார்வை என்றுதான் அந்தச் சேனல் கணக்கில் காட்டும்.

அக்காவுக்கு வேண்டியது ஆடியோ ஆப். டேட்டாவிலும் மிச்சம். ஸ்பாட்டிஃபை சாதாரணத் தரத்தில் நொடிக்கு 96 கிலோபிட், கணக்குப் போட்டால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு 43 எம்பி. அதே பேச்சை நடுத்தரத் தரத்தில் வீடியோவாக ஓட்டினால் பல மடங்கு தின்னும். ஆனால் அவருக்குப் பிடித்த ஆட்களில் பாதிப் பேர் ஆடியோவாகப் போடுவதில்லை.

எஃப்.எம். இருக்கிறதே என்பீர்கள். தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லை, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். ஊருக்குப் பேர்போன பாலாற்றுத் தண்ணீர், தோல் தொழிற்சாலைக் கழிவு என்று எதைப் பற்றியும் உள்ளூர் ஆட்களை உட்காரவைத்து அரசியல் பேசும் ரேடியோ இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். ராத்திரியில் பிபிசி தமிழோசைக்காக முள்ளைத் திருகிய தலைமுறைக்கும் 2017 ஏப்ரலோடு அது நின்றுபோனது. காலியான இடத்தில்தான் யூடியூப் வந்து உட்கார்ந்தது.

ஆடியோவுக்கு உண்மையான ரசிகர்களை நான் பார்த்தது ஏலகிரி எக்ஸ்பிரஸில். சென்னைக்குத் தினம் போய்வருகிற சீசன் பாஸ்காரர்கள். காட்பாடியில் ஏறினால் ஒரு கூட்டம் சீட்டுக் கட்டைப் பிரிக்கும், இன்னொரு கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு காதில் மாட்டிக்கொள்ளும். ராத்திரியே வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்கிறார்கள், வழியில் டவர் போனாலும் கவலை இல்லை. நின்றுகொண்டு போகிறவருக்கு ஒரு கை கம்பியில், ஒரு கை பையில். அங்கே வீடியோவுக்கு வேலையே இல்லை.

துண்டு வீடியோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. காட்பாடிக்காரர் துரைமுருகன் சட்டசபையில் அடித்த ஒரு கிண்டலை இந்த மாவட்டத்தில் பார்க்காத போன் இருக்காது, நானும் சிரித்திருக்கிறேன். அவர் எந்த மசோதாமேல் பேசும்போது அதைச் சொன்னார் என்று கேளுங்கள், யாருக்கும் தெரியாது. யூடியூப் ஷார்ட்ஸ் முன்பு ஒரு நிமிஷம், 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிஷம் வரை போடலாம். நீளம் கூடியும் முன்பின் வெட்டும் பழக்கம் போகவில்லை. 'ஆனால்' என்ற சொல்லுக்கு முன்னால் வெட்டிவிட்டால் எந்தத் தலைவரையும் எதையும் சொல்லவைக்கலாம். இரண்டு அம்புக்குறியோடு பலமுறை பகிரப்பட்டதாக வந்தால், முழுப் பேச்சைத் தேடிப் பார்க்காமல் அடுத்தவருக்கு அனுப்புவதில்லை என்று வைத்திருக்கிறேன். மற்றபடி டீ ஆறும் நேரத்துக்கு அது போதும்.

ஓட்டு எண்ணும் நாளில் மட்டும் இந்த ஒப்பீடெல்லாம் செல்லாது. 2019 ஆகஸ்ட் 9, ரத்தான தேர்தல் மறுபடி நடந்து வேலூர் ஒரே தொகுதிக்கு எண்ணிக்கை. கடையில் மோட்டார் கொடுக்க வந்தவர்கள் போகவில்லை, வாங்க வந்தவர்களும் போகவில்லை. கடைசியில் கதிர் ஆனந்த் 8,141 ஓட்டில் ஜெயித்தார். 2021 சட்டமன்றத் தேர்தலில் காட்பாடியில் வித்தியாசம் வெறும் 746. அந்த மாதிரி நாளில் யாருக்கும் அலசல் வேண்டாம், டிவியில் கீழே ஓடும் எண் போதும்.

கடையில் இப்போது ஒரு ஏற்பாடு. யார் மோட்டார் மேஜைமேல் இருக்கிறதோ அவர் கேட்பதை ஸ்பீக்கரில் போடுவேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மேல்விஷாரம் பாய் வந்தால் உருது சேனல், சித்தூர் பக்கத்து விவசாயி வந்தால் தெலுங்கு விவாதம். இயர்போனில் தனித்தனியாகக் கேட்டால் சண்டையே வராது. ஆனால் பிடிக்காத கட்சிக்காரர் பேச்சை அரை மணி நேரம் முழுசாகக் கேட்டேன் என்று ஒருத்தர் சொல்வதை நான் இந்தக் கடையில்தான் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் அணைக்கட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், போர் மோட்டார் எரிந்துபோய் மூன்று நாளாகக் கத்தரிக்குத் தண்ணீர் இல்லை. வழக்கம்போல "இன்னா போடட்டும் பெரியவரே, விவாதமா பேட்டியா?" என்று போனைக் கையில் எடுத்தேன்.

"அத்த அணைச்சிட்டு மொதல்ல கம்பிய கோருப்பா" என்றார்.

அணைத்தேன். 44 சுத்து, ஒரே மூச்சில்.