லுவான்டியில் நாலு வருடம்: ஒரு கணக்கு ட்யூஷன் மிஸ்ஸின் அனுபவம்

2021 ஜூன். கொரோனா இரண்டாம் அலை. ட்யூஷன் பிள்ளைகள் 11 பேரை வீடியோ அழைப்பில் உட்கார வைத்துப் பரப்பளவு, சுற்றளவு நடத்திக்கொண்டிருந்தேன். திரையில் பதினோரு கறுப்புக் கட்டங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது மிஸ்" என்று இரண்டு குரல் வரும், அதே இரண்டு குரல். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று விசாரித்தபோது ஒரு அம்மா உண்மையைச் சொன்னார்: "போன்ல கட்டை அடுக்குற கேம் ஆடிட்டு இருக்கான் மிஸ்." சரி, கட்டை அடுக்கும் இடத்துக்கே நாம் போவோம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பிள்ளைகள் சொன்னது மைன்கிராஃப்ட். அதற்குக் காசு கொடுக்க வேண்டும், எங்கள் பெற்றோரிடம் அதைக் கேட்க முடியாது. தேடியதில் அகப்பட்டது, அதே மாதிரிக் கட்டை அடுக்கும் ஆட்டங்களை ஓடவைக்கும் மைன்டெஸ்ட். 2010-இல் பின்லாந்துக்காரர் பெர்ட்டு அஹோலா தொடங்கியது. கட்டற்ற மென்பொருள், இலவசம், பழைய கணினியிலும் ஓடும், ஆண்ட்ராய்டிலும் ஓடும். 2024 அக்டோபரில் பெயரை லுவான்டி என்று மாற்றிவிட்டார்கள். பின்னிஷில் 'லுவோன்டி' என்றால் படைப்பு. ஆட்டத்தில் புது வசதி சேர்க்கும் குட்டி நிரலுக்கு மோட் என்று பெயர், அதை எழுதும் மொழியின் பெயர் லுவா. இரண்டையும் சேர்த்துக் கோத்த பெயர். பெயர் மாறிய மாதம் "மிஸ், கேம் காணோம்" என்று எனக்கு வந்த அழைப்புகளைத் தனியாக எழுதலாம்.

நிறுவப்போகிறவர்களுக்கு முதலில் ஒன்று. ஆப் கடையில் இதே மூலநிரலை எடுத்து வேறு பெயர் ஒட்டி, நிமிடத்துக்கு ஒரு விளம்பரம் காட்டும் நகல்கள் நிறைய உண்டு. லுவான்டி என்ற பெயரைப் பார்த்தே இறக்குங்கள். இன்னொன்று, 2023 டிசம்பரில் வந்த 5.8 பதிப்பிலிருந்து உள்ளே ஆட்டம் எதுவும் சேர்த்துத் தருவதில்லை. திறந்ததும் வெறும் மெனு. பயந்துவிடாதீர்கள், உள்ளேயே ஆட்டங்களை இறக்கிக்கொள்ளும் இடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் நடத்தும் சர்வரில், அதாவது எல்லோரும் சேரும் உலகத்தை வைத்திருக்கும் கணினியில், வந்து சேரும் பிள்ளைகளுக்கு அது கூடத் தேவையில்லை, வேண்டியதை சர்வரே அனுப்பிவிடும்.

சர்வரை முதலில் என் பழைய லேப்டாப்பிலேயே வைத்துப் பார்த்தேன். நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, என் இணைய இணைப்பில் எனக்கென்று தனி ஐபி முகவரி இல்லை, பல வீட்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. கடைசியில் மாதம் 500 ரூபாய்க்குள் ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்தேன். பத்துப் பதினைந்து பேருக்கு அது போதும், இன்றுவரை அதே அளவுதான். உள்ளே குரலில் பேசும் வசதி கிடையாது, அதற்குப் பக்கத்தில் ஒரு கான்ஃபரன்ஸ் அழைப்பு.

அப்புறம் நான் செய்த முதல் காரியத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உள்ளே ஒரு வகுப்பறை கட்டினேன். பெஞ்சு, கரும்பலகை, சன்னல், வாசலில் பூந்தொட்டி. வகுப்பு தொடங்கிய ஐந்தாவது நிமிடம் ஒருவன் தரையைத் தோண்டிக்கொண்டு கீழே போய்விட்டான். இரண்டு பேர் சன்னலை உடைத்து வெளியேறினார்கள். மிச்சம் இருந்தவர்கள் பெஞ்சின் மேல் குதித்துக்கொண்டிருந்தார்கள். கரும்பலகையில் நான் எழுதியதை யாரும் படிக்கவில்லை. பறக்கவும் தோண்டவும் முடிகிற ஓர் உலகத்தில் எதற்காக ஒருவர் பெஞ்சில் உட்கார வேண்டும்?

இந்தத் தப்பு எனக்கு மட்டும் உரியதல்ல என்பதில் ஓர் ஆறுதல். 2003-இல் லிண்டன் லேப் நிறுவனம் திறந்த செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்துக்குள் பல்கலைக்கழகங்கள் போட்டி போட்டுக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. 2006-இல் ஹார்வர்ட் சட்டக் கல்லூரி ஒரு பாடத்தையே அங்கே நடத்தியது. போனவர்களில் பலர் அங்கேயும் இருக்கை வரிசை போட்ட அரங்கமும் திரையும்தான் கட்டினார்கள். கல்வி நிறுவனங்களுக்கான கட்டணச் சலுகையை நிறுத்தப்போவதாக 2010-இல் லிண்டன் லேப் அறிவித்தபோது பலர் மூட்டை கட்டினார்கள். 2013-இல் சலுகை திரும்ப வந்தும் அந்தக் கூட்டம் பழையபடி திரும்பவில்லை. வாடகை நிலத்தில் கட்டிய பள்ளிக்கூடம் அப்படித்தான். என் உலகம் என் சர்வரில் ஒரு கோப்புறை; வாரம் ஒருமுறை பென்டிரைவில் நகல் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

வகுப்பறையை இடித்துவிட்டு வெற்றுப் புல்வெளியில் தொடங்கினேன். ஆளுக்கு 80 செங்கல். தரையில் 40, அதன் மேல் 40, ஆடு தாண்டாத உயரம். இந்தச் சுவரை வைத்து யார் பெரிய பட்டி கட்டுகிறார்கள் பார்ப்போம் என்றேன். எனக்கு விடை தெரியும்: சுற்றளவு 40 என்றால் சதுரம், பக்கம் 10, பரப்பு 100. பாடப்புத்தகக் கணக்கு.

முதலில் முடித்த பையன் 20 நீளம் 2 அகலம் வைத்துக் கட்டினான். "மிஸ், சுவர் இருக்கு, உள்ளே இடமே இல்ல!" எல்லோரும் சிரித்தோம். அடுத்தவன் சதுரம் கட்டினான். எண்ணினால் உள்ளே 81. நான் 100 என்று அடித்துச் சொல்ல, அவன் 81 என்று அடித்துச் சொல்ல, நானே உள்ளே இறங்கி எண்ணினேன். 81 தான். மூலைக்கல் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் போவதால் 40 கல்லில் ஒரு பக்கத்துக்கு 11 கல். சுவரின் தடிப்பு போக உள்ளே 9க்கு 9. கோட்டுக்குத் தடிப்பு இல்லை, சுவருக்கு உண்டு. இருபது வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன், இதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

கணக்கில் அதுவரை 40 மார்க்கைத் தாண்டாத ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்போது சொன்னாள்: "மூலையில கல் எதுக்கு மிஸ்? அங்க ஆடு போகாதே." நாலு மூலைக்கல்லையும் எடுத்துவிட்டாள். பக்கத்துக்குப் பத்துப் பத்தாகச் சுவர், மூலை காலி. குறுக்கே தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கல்லுக்கு நடுவே இந்த உலகத்தில் இடைவெளி கிடையாது. ஆட்டை விட்டுப் பார்த்தோம், வெளியே வரவில்லை. உள்ளே எண்ணினால் சரியாக 100. புத்தகத்தின் விடையை அவள் தன் வழியில் பிடித்துவிட்டாள். அன்றைக்கு அழைப்பில் ஒரே நேரத்தில் எட்டுக் குரல் கேட்டது.

அன்றிலிருந்து நான் ஒரு பாடத்தை உள்ளே கொண்டு போகலாமா என்று முடிவு செய்வது ஒரே கேள்வியை வைத்துத்தான்: பிள்ளைகள் கட்டினால் அங்கே சண்டை வருமா? வரும் என்றால் உள்ளே, இல்லையென்றால் நோட்டிலேயே போட்டுவிடலாம். கன அளவு நன்றாக வருகிறது. ஆயத்தொலைவுகளும் வரும், ஒரு தொல்லையோடு. எஃப்5 அழுத்தினால் நிற்கும் இடத்தின் எக்ஸ், ஒய், இசட் தெரியும். ஆனால் இங்கே ஒய் என்பது உயரம். பரீட்சையில் எது எது என்று குழம்பியவர்கள் உண்டு. அந்த மார்க்கு போனது என் கணக்கில்தான். லாஜிக் கேட் (ஆம், இல்லை என்று முடிவெடுக்கும் மின்சுற்று) சொல்லித்தர மெசிகான்ஸ் என்றொரு மோட் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு அண்ணன் ஒருவன் வந்து தம்பிகளுக்குக் கதவுக்குப் பூட்டு செய்து காட்டினான். எனக்கே பாதிதான் புரிந்தது.

அறிவியலுக்கு இதை நம்பாதீர்கள். மணல் விழும், செங்கல் அந்தரத்தில் நிற்கும். ஏரிப் பாசனம் நடத்தலாம் என்று பிள்ளைகளோடு கரை போட்டு மதகு வைத்தேன். கோடைக்கு நீர் குறைய வேண்டும். வாளி வாளியாக அள்ளியும் குறையவில்லை, ஏனென்றால் இங்கே சாதா நீர் பக்கத்து நீரிலிருந்து தானே ஊறிவிடும். "இப்படி ஒரு ஏரி நம்ம ஊருக்குக் கிடைச்சா நல்லா இருக்கும் மிஸ்" என்றான் ஒருவன். ஆற்று நீர் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது ஊறாது. அது தெரிவதற்குள் பாடம் முடிந்துவிட்டது.

தமிழில் எழுதுவதுதான் எனக்குப் பெரிய குறை. நான் பயன்படுத்திய பதிப்புகளில் தமிழ் எழுத்துகள் சேரவேண்டிய விதத்தில் சேர்வதில்லை. 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகக் கிடக்கும். இந்தி, கன்னடம், அரபிக்கும் இதே கதி. பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துச் சமாளித்தார்கள். நான் அறிவிப்புப் பலகைகளை எழுதிப் படமாக்கி உள்ளே மாட்டினேன். தமிழ்ப் பாடத்துக்கு இதைப் பயன்படுத்த நினைப்பவர்கள் இப்போதைக்கு வேறு வழி பாருங்கள்.

சேதம் செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 2014-இல் டென்மார்க் அரசு தன் நாடு முழுவதையும் மைன்கிராஃப்டில் நிஜ அளவில் கட்டித் திறந்து வைத்தது. டைனமைட்டைத் தடை செய்திருந்தார்கள். டைனமைட் ஏற்றிய சுரங்க வண்டியைத் தடை செய்ய மறந்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் உள்ளே வந்த சிலர் அதை வைத்துச் சில இடங்களைத் தகர்த்துவிட்டார்கள். என் சர்வரில் டைனமைட் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. ஒருவன் இன்னொருவன் பெயரில் நுழைந்து மூன்றாமவள் வீட்டைத் தரைமட்டம் ஆக்கினான். இரண்டு வீட்டுப் பெற்றோரும் என் வாசலில். யார் எதை எடுத்தார், வைத்தார் என்று பதிவு செய்து பழையபடி ஆக்கும் ரோல்பேக் வசதி இதில் உண்டு. ஆனால் முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை. நீங்கள் முதல் நாளே இயக்கிவிடுங்கள், வெற்றுக் கடவுச்சொல்லையும் தடை செய்யுங்கள். வகுப்பு நடுவில் ஒருவர் அடங்கவில்லை என்றால் ஒரே கட்டளையில் கல் எடுக்கும், வைக்கும் உரிமையைப் பறிக்கலாம். வாரத்துக்கு ஒருமுறையாவது பறிக்கிறேன்.

போன் விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அப்பா வேலை முடிந்து வந்தால்தான் போன் என்ற வீடு மூன்று. அந்த மூன்று பேரும் இரவு எட்டரைக்கு மேல் வந்து, மற்றவர்கள் கட்டி முடித்ததைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்கள். 2022-இல் நேரடி வகுப்பு தொடங்கியதும் பழைய டெஸ்க்டாப் நாலு வாங்கி வீட்டுத் திண்ணை அறையில் போட்டேன். ஒரு கணினிக்கு மூன்று பேர். ஒருவர் கட்ட, இருவர் திட்ட. தனித்தனிப் போனில் நடந்ததை விட இதில்தான் பேச்சு அதிகம். ஆன்லைன் உலகத்தைப் பற்றிய அனுபவத்தில் இதைச் சொல்வது வேடிக்கைதான்.

செங்கல் பாடத்தை ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகளுக்கு வைக்கிறேன். 81 வரும், யாராவது ஒருவர் மூலையை எடுத்து 100 கொண்டுவருவார். போன வருடம் ஓர் எட்டாம் வகுப்புப் பையன் சுவரையே சாய்த்துப் போட்டான், படிக்கட்டு மாதிரி, ஒரு கல்லை அடுத்த கல் மூலையில் மட்டும் தொடும்படி. வைரம் போல ஒரு வடிவம், பக்கத்துக்கு 10 கல். உள்ளே எண்ணினால் 181. நான் நம்பாமல் ஆட்டை விட்டுவிட்டு சர்வரை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் ஆடு உள்ளேதான் நின்றது. செங்கலைக் குறுக்கே வைத்தால் ஒன்று அல்ல, 1.414 நீளத்துக்கு மறைக்கிறது என்று அன்றைக்குப் பலகையில் பித்தாகரஸை எழுதியபோது, யாரும் அது எதற்கு என்று கேட்கவில்லை.

ஜூனில் அடுத்த செட் வருகிறது. அவர்களுக்கும் ஆளுக்கு 80 செங்கல்தான். மூலையைப் பற்றி நான் மூச்சு விடப்போவதில்லை.