ஹனோயில் நண்பர் வீட்டில் தங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

தென்கிழக்கு ஆசியாவை மாதக்கணக்கில் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு எல்லா ஊரிலும் ஹாஸ்டல் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. தெரிந்தவர் வீடு இருந்தால் அங்கே தங்கத்தான் மனம் போகும். தங்குங்கள், தவறே இல்லை. ஆனால் வியட்நாமில் எனக்கும் என் தோழனுக்கும் நடந்தது உங்களுக்கும் நடக்கக் கூடாது.

அந்த நண்பர் முன்பின் தெரியாதவர் அல்ல. வேலை விஷயமாகச் சென்னை வந்திருந்தபோது எங்கள் வீட்டில் தங்கிச் சாப்பிட்டவர். "ஹனோய் வந்தால் என் வீடு இருக்க ஹோட்டலா?" என்று பலமுறை சொன்னவர். வீடு லாங் பியென் பக்கம், சந்துக்குள். அகலம் குறைவாக, மாடி மேல் மாடியாக எழும்பும் வீடு. இரவில் முன்னறையிலேயே ஸ்கூட்டர்களை நிறுத்திவிடுவார்கள். அவருடைய அம்மாவைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சாப்பிட உட்கார்ந்தால் மீனில் நல்ல துண்டாகப் பார்த்து எங்கள் கிண்ணத்தில் வைப்பார். அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு மகனிடம் எப்படிக் கறாராகப் பேசுவது?

முதல் நாள் இரவே நண்பர் எங்கள் பாஸ்போர்ட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். போலீஸில் பதிய வேண்டுமாம். இது கட்டுக்கதை இல்லை. வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் வீட்டுக்காரர், வந்த 12 மணி நேரத்துக்குள் உள்ளூர் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதை இணையத்திலேயே செய்யலாம். பாஸ்போர்ட், விசா விவரங்கள் இருந்தால் போதும், புத்தகத்தையே கொடுத்து வைக்க வேண்டியதில்லை. மறுநாள் கேட்டோம். "ஆபீஸில் இருக்கிறது, வந்துவிடும்" என்றார். அப்புறம் கேட்டபோதும் அதே பதில்.

எங்கள் திட்டம் வியட்நாமின் வடக்கே உள்ள ஹா ஜியாங் மலைப்பாதை. வழக்கமாக ஹனோயிலிருந்து 300 கிலோமீட்டர் பஸ்ஸில் போய், அங்கே பைக் வாடகைக்கு எடுப்பார்கள். இவரோ "எதற்கு? என் சித்தி கடையிலேயே எடுங்கள்" என்று கூட்டிப் போனார். நாளுக்கு 2 லட்சம் டாங். நம் பணத்தில் எழுநூறு ரூபாய்க்குள். "இந்திய இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் செல்லும்" என்றும் அடித்துச் சொன்னார். செல்லாது. வியட்நாம் ஏற்பது 1968 சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி தரப்படும் பெர்மிட்டை, நம் ஆர்.டி.ஓ. கொடுப்பது 1949 உடன்படிக்கையின்படியானது. குவான் பா ஏற்றத்துக்கு முன்னால் போக்குவரத்து போலீஸ் நிறுத்தி எங்களுக்கு அதை விளக்கியது, அபராதத்தோடு. விபத்து நடந்திருந்தால் டிராவல் இன்ஷூரன்ஸும் கைவிட்டிருக்கும்.

மலை அருமை. மா பி லெங் கணவாயில் நின்று கீழே நோ க்வே ஆற்றைப் பார்த்தால் அபராதம் கட்டிய எரிச்சல்கூடப் போய்விடும். அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்றுதான் கூத்து. இருட்டும் நேரம். சித்தி போன் டார்ச்சை அடித்து, குந்தி உட்கார்ந்து, பக்கவாட்டு மூடியில் இருந்த ஒரு கீறலின் மேல் நகத்தை ஓட்டினார். வண்டி எடுத்த மறுநாள் காலை டீக்கடையில் நாங்கள் எடுத்த வீடியோவிலேயே அந்தக் கீறல் இருக்கிறது, காட்டினோம். நண்பர் அதை மொழிபெயர்க்கவே இல்லை. இருவரும் வியட்நாமிய மொழியில் நீளமாகப் பேசினார்கள். கடைசியில் எங்களிடம் திரும்பி, "80 லட்சம் டாங் கேட்கிறார், நான் பேசிப் பார்த்துவிட்டேன், குறைக்க மாட்டார்" என்றார். கிட்டத்தட்ட 27,000 ரூபாய். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டதற்குத்தான் உண்மை வந்தது: முதல் நாளிலிருந்தே கடை மேசைக்குள்ளே, வண்டிக்கு ஈடாக. பிஸ்கட் டின் ஒன்றில் ஐரோப்பிய பாஸ்போர்ட்டுகளோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்தன. விசா முடியப் போகிறது, லாவோஸுக்கு பஸ் டிக்கெட் போட்டாயிற்று என்பதெல்லாம் நண்பருக்குத் தெரியும். பையோ அவர் வீட்டில்.

தோழன் ஏ.டி.எம். போய் வந்து 5 லட்சம் டாங் நோட்டுகள் பதினாறை மேசையில் வைத்தான். சித்தி ஆறை எண்ணி எடுத்துக்கொண்டு மீதிப் பத்தை எங்கள் பக்கமே தள்ளினார். நண்பர் சட்டென்று அதன் மேல் கையை வைத்து, "இது வொர்க்‌ஷாப்புக்கு" என்றார். நான் போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து "மொத்தம் எவ்வளவு?" என்று நேரே அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். அவர் கால்குலேட்டரில் 30,00,000 என்று அடித்துக் காட்டினார். அவருக்கும் அந்தப் பத்து நோட்டின் கதை அப்போதுதான் புரிந்தது போலிருந்தது; நண்பரை ஒரு பார்வை பார்த்தார். அதற்காகத் தன் முப்பதைக் குறைக்கவும் இல்லை! இல்லாத சேதத்துக்கு அந்த முப்பது லட்சம் போனது போனதுதான். பத்து நோட்டையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, பையை அள்ளிக்கொண்டு அன்றிரவே ஹாஸ்டலுக்குப் போய்விட்டோம். அதன் பிறகு அந்த ஆளுக்கு ஆங்கிலமே மறந்துபோனது.

தங்க இடம் கொடுத்தவரே வண்டி பிடித்துக் கொடுப்பவராகவும், பேரம் பேசுபவராகவும், மொழிபெயர்ப்பவராகவும் இருந்தால் உங்களுக்குச் சரிபார்க்க வழியே இருக்காது. தங்குவது அவர் வீட்டில் என்றால் வண்டியை வேறு எங்காவது எடுங்கள். ஈடாகப் பணம் கொடுங்கள், பாஸ்போர்ட் கேட்கும் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள். வண்டியை வெளிச்சத்தில், கடைக்காரர் நிற்கும்போதே வீடியோ எடுங்கள். எங்களுடையது மறுநாள் எடுத்தது என்பதை அவர்கள் சாக்காக வைத்துக்கொண்டார்கள். ஹா ஜியாங்குக்கு இந்திய லைசென்ஸோடு போகிறவர்களுக்கு உள்ளூர் ஓட்டுநர் பின்னால் உட்கார்ந்து போகும் 'ஈஸி ரைடர்' தான் சரி. செலவு கூடுதல், ஆனால் போலீஸ் தொல்லை இல்லை.

பாஸ்போர்ட்டைத் தர மறுத்தால் போலீஸ் எண் 113. இந்தியத் தூதரகம் ஹனோயிலேயே இருக்கிறது, தெற்கே ஹோ சி மின் நகரில் துணைத் தூதரகம். அவர்களுடைய அவசர எண்ணையும், பாஸ்போர்ட், விசா பக்கங்களின் படத்தையும் கிளம்பும் முன்பே போனில் சேமித்து வையுங்கள்.