மிஸ்டர் ரோபோட்டா, கோஸ்ட் இன் த ஷெல்லா?

மனசையும் கம்ப்யூட்டரையும் முடிச்சுப் போடும் ஹேக்கர் தொடர் பார்க்கணும், ஆனால் ஒன்றுக்குத்தான் நேரம் என்பவர்களுக்கு.

நீளம்: 'மிஸ்டர் ரோபோட்' என்ற அமெரிக்கத் தொடர், 2015 முதல் 2019 வரை 4 சீசன், 45 எபிசோட். 'கோஸ்ட் இன் த ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்' என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன்) தொடர், 2002-இல் வந்த முதல் சீசன் 26 எபிசோட். ஒவ்வொன்றும் அரை மணி நேரம்கூட இல்லை.

மனசு: ரோபோட்டில் அது உவமை. பின்னணியில் சத்தமில்லாமல் ஓடும் டீமன் புரோகிராம்களைத்தான் ஹேக்கர் நாயகன் எலியட் நம் அடிப்படை இச்சைக்கும் அடக்கி வைத்த நினைவுக்கும் ஒப்பிடுகிறான். தன் மனநல ஆலோசகரின் பாஸ்வேர்டையே உடைக்கிறான்: பிடித்த பாடகர் பெயர், பிறந்த வருஷம் தலைகீழாக. அவ்வளவுதான். (பார்த்த அன்றே என்னுடையதை மாற்றினேன்.) கோஸ்ட்டில் உவமையே கிடையாது, மூளை நேராக நெட்வொர்க்கில் இருக்கிறது. நேரலையில் துப்பாக்கியோடு நிற்கும் ஒருவன், பார்ப்பவர்களின் கண்ணையே ஹேக் செய்து தன் முகத்தின் மேல் சிரிக்கும் லோகோவை ஒட்டிவிடுகிறான்.

நம்பகம்: ரோபோட். திரையில் ஓடும் கமாண்டுகள் லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளம் தெரிந்தவரையும் முகம் சுளிக்க வைக்காது.

சிரமம்: ரோபோட்டின் இரண்டாம் சீசன் இழுவை. கோஸ்ட்டில் அரசியல் வசனம் அதிகம், சப்டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் படிக்கணும்.

ஒரு தனிமனிதனின் உடைந்த மனசுக்குள் போக ரோபோட். மூளையே ஹேக் ஆனால் 'நான்' யார் என்று யோசிக்கப் பிடிக்குமென்றால் கோஸ்ட். என் ஓட்டு ரோபோட்டுக்கு, அதுவும் எலியட்டாக நடிக்கும் ராமி மாலிக்கின் கண்களுக்காக.