கரை வைப்பதா, டார்ட் பிடிப்பதா?

ஒரு வருஷமாக உடுத்தாமல் அலமாரியில் கிடந்தவை இரண்டு பருத்திக் குர்திகள். இரண்டுமே சந்தன நிறம், ஒரு பூ, ஒரு கோடு கிடையாது. போட்டால் சாக்கு மாதிரி தொங்கும். மாசியில் ஒன்றுக்குக் கண்டாங்கிச் சேலைக் கரை வைத்தேன், இன்னொன்றின் இடுப்பில் டார்ட் பிடித்தேன், அதாவது தொளதொளத் துணியை உள்பக்கம் மடித்துத் தைத்தேன். ஐப்பசிவரை மாற்றி மாற்றி உடுத்திப் பார்த்தாயிற்று. இனி எனக்கு டார்ட்தான்.

அழகு என்று பார்த்தால் கரைதான் ஒரு படி மேலே. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியின் அகலக் கரை, அரக்கும் கடுகு மஞ்சளுமாக வெறும் துணியின் அடியில் உட்கார்ந்தால் குர்தியே வேறு. பிள்ளையார்பட்டிக்குப் போட்டுப் போன அன்று, "எங்கத்தா வாங்குனே?" என்று இரண்டு பேர் நிறுத்திக் கேட்டார்கள். உயரம் பத்தாத குர்திக்கும் கரைதான் வழி.

கதை மாறியது துவைத்த பிறகு. நான் வைத்தது புதுச் சேலையோடு வந்த ப்ளவுஸ் துண்டின் கரை, நனைக்காதது. முன்பக்கத்துக்கு 24 அங்குலம் வெட்டினேன். இரண்டு துவைப்பில் முக்கால் அங்குலம் சுருங்கி, குர்தியின் அடி ஓரத்தைச் சுருக்குப்பை வாய் மாதிரி இழுத்துவிட்டது. காரணம் தறியில் இருக்கிறது. சேலைக் கரை பாவு வாக்கில், அதாவது நீளவாக்கு நூலில் ஓடுவது. பாவு நூலை இழுத்துக் கட்டித்தான் நெய்வார்கள், தண்ணீர் பட்டதும் அது தளர்ந்து சுருங்கும். குர்தியின் அடி ஓரமோ பெரும்பாலும் ஊடை வாக்கு, குறுக்கு நூல், அவ்வளவு சுருங்காது. போதாக்குறைக்கு அரக்குச் சாயம் கசிந்து சந்தனத்தில் ஒரு சாண் உயரத்துக்கு இளஞ்சிவப்பு. கல் உப்பில் ஊறவைத்தால் நிற்கும் என்று அப்பத்தா சொன்னார்கள், செய்தேன், நிற்கவில்லை. கரையைத் தனியே, தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவைத்த பிறகே தைத்திருக்க வேண்டும்.

டார்ட் பிடித்த குர்தியில் இந்தத் தொல்லையே இல்லை. அதே துணி, சுருங்கினாலும் சேர்ந்தே சுருங்கும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் உள்பக்கம் வெளியே தெரியப் போட்டு, கல்லும் கல்லும் சேரும் கோட்டில் முதுகின் நடுவை வைத்தேன். அதற்கு இரண்டு பக்கமும் நாலு நாலு அங்குலம் தள்ளிச் சோப்புத் துண்டால் கோடு. ஒவ்வொரு கோட்டிலும் அரை அங்குலம் மடித்துத் தைத்தால், துணி இரட்டையாக மடிவதால் மொத்தம் இரண்டு அங்குலம் உள்ளே போகும். மேலும் கீழும் ஊசி மாதிரி கூராக முடிய வேண்டும். முனையில் மெஷினைத் திருப்பி ஓட்டாமல் நூலைக் கையால் முடிச்சிட்டால் புடைக்காது. சைடையும் அக்குளிலிருந்து அரை அங்குலம் பிடித்து, இடுப்புக்குக் கீழே பழைய தையலோடு சேர்த்துவிட்டேன். உள்ளே நின்ற துணியை வெட்டவில்லை. உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம், தங்கைக்கும் கொடுக்கலாம். வாரம் ஒருமுறை துவைத்து வளவுக் கொடியில் போடுகிறேன், இன்றுவரை ஒரு தையல் விடவில்லை.

இது பருத்தியை வைத்துச் சொல்வது. ரேயானில் நான் கை வைத்ததில்லை.

சுருங்கிய கரையைப் பிளேடால் பிரித்து நாலு முறை அலசிவிட்டேன், சாயம் நின்றுவிட்டது. அதில் ஐந்து அங்குலம் வெட்டி, டார்ட் பிடித்த குர்திக்கு ஒரு பாக்கெட் வைக்கப் போகிறேன்.