குடிலுக்குள் தக்காளி: கோகோபீட் பையா, ஜல்லிப் படுக்கையா?

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி என்றால் திறந்தவெளி நிலம்தான். விலை விழுந்தால் ரோட்டோரம் கொட்டுகிற பயிருக்குப் பசுமைக்குடில் எதற்கு என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் குடைமிளகாய்க்காகப் போட்ட குடில் ஏற்கெனவே நிற்கிறது, உள்ளே மண்ணில் வேரைத் தாக்கும் நூற்புழுவும் வாடல் நோயும் ஏறிவிட்டன என்கிறவர்கள் ஓசூர், தளி பக்கம் பலர். என் நிலைமையும் அதுதான்.

அதே மண்ணில் தொடர்வதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. வாடிய செடியின் தண்டை வெட்டி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போல வெள்ளையாக நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல். கத்தரி வேரில் ஒட்டுக்கட்டிய நாற்று கிடைத்தால் வைத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் அந்த மண்ணை விட்டுவிடுவதே மேல்.

மிச்சம் இரண்டு வழி. கோகோபீட், அதாவது தென்னை நார்க்கழிவு, நிரப்பிய பையும் சொட்டுநீரும் எல்லோருக்கும் தெரிந்தவை. மற்றது ரிங் கல்ச்சர். கண்ணாடிக் குடிலில் வருடா வருடம் மண் மாற்றி அலுத்துப்போன இங்கிலாந்துக்காரர்களிடம் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவிய முறை. தரையில் பாலித்தீன் விரித்து, அதன்மேல் 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்கு ஜல்லி. ஜல்லிமேல் அடி இல்லாத தொட்டி. தொட்டிக்குள் மண்கலவை, அதில் நாற்று. உரத்தைத் தொட்டிக்குள் கரைத்து ஊற்றுகிறோம், தண்ணீரை ஜல்லிக்கு விடுகிறோம். செடி மேலே ஒரு வேர்த்தொகுதியைச் சாப்பாட்டுக்கும், கீழே இன்னொன்றைத் தண்ணீருக்கும் வைத்துக்கொள்கிறது.

நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். காரணம் ஒன்றே ஒன்று, தண்ணீர்.

கோகோபீட் பைக்குள் இருக்கிற ஈரம் கொஞ்சம். காய் பிடித்த செடி வெயில் நாளில் ஒன்றரை, இரண்டு லிட்டர் குடித்துவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளில் பலமுறை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. சொட்டுவானின் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தது செடி தலை சாய்ந்த பிறகுதான் கண்ணில் படும். நடுப்பகலில் கரண்ட் போனால் மொத்த வரிசைக்கும் அதே கதி. செடி பிழைத்துக்கொண்டாலும் காய் பிழைக்காது. ஈரம் ஏறி இறங்கினால் சுண்ணாம்புச் சத்து காய் முனைவரை போய்ச் சேராமல், அடிப்பகுதி கறுத்துக் குழிந்துவிடும். அந்தக் காயை எந்த மண்டியிலும் எடுக்க மாட்டார்கள்.

ஜல்லிப் படுக்கையில் இந்தப் பதற்றம் குறைவு. மும்முனை கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது ஹோஸைத் திறந்து நனைத்துவிட்டால், அடுத்த முறை வரும்வரை தாங்கும். ஆனால் வீடு கட்டுகிற முக்கால் இஞ்ச் ஜல்லியை மட்டும் கொட்டினால் தண்ணீர் கீழேயே நிற்கும், மேலே ஏறாது. 6 மி.மீ. சிப்ஸ் கல்லும் கழுவிய எம்-சாண்டும் கலக்க வேண்டும். கருங்கல் குவாரி உள்ள மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்! சுண்ணாம்புக் கல் மட்டும் கூடாது. பாலித்தீன் ஓரத்தில் தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் துளை விட்டால் மிச்சத் தண்ணீர் வடியும், கொஞ்சம் தேங்கியும் நிற்கும்.

“என்னப்பா, ஜல்லி கொட்டி வீடு கட்டப் போறியா?” என்றார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். அவர் பை போட்டவர். பைகளைப் பற்றி நான் சொல்வது பெரும்பாலும் அவர் குடிலில் பார்த்தது. உரத்தைத் துல்லியமாகக் கொடுப்பதிலும், ஒரு செடிக்கு நோய் வந்தால் அந்தப் பையைத் தூக்கி எறிந்துவிடுவதிலும் அவர் முறைதான் உசத்தி. ஜல்லியில் தண்ணீர் எல்லாச் செடிக்கும் பொது. வாடல் ஒன்றில் நுழைந்தால் வரிசையே போகலாம். அதனால் நீளமாக ஒரே படுக்கை போடாமல், பத்துப் பத்துச் செடியாகப் பாலித்தீனைத் தனித்தனியே மடித்து விரித்திருக்கிறேன்.

தொட்டிக்கு 10 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டின் அடியை அறுத்துக்கொண்டால் போதும். வெள்ளை நிறமாக இருக்கட்டும், கறுப்பு வெயிலில் வேரைச் சுட்டுவிடும். கலவைக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் போடாத நிலத்துச் செம்மண்ணும் நன்றாக மக்கிய எருவும். நட்ட புதிதில் தொட்டிக்குள்தான் தண்ணீர். சில நாள் கழித்துப் பக்கத்து ஜல்லியை விரலால் விலக்கினால், கல்லுக்குக் கல் வெள்ளை வேர் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் தொட்டிக்கு உரக்கரைசல் மட்டும், அதுவும் முதல் கொத்து காய் பிடித்த பிறகு, சாம்பல் சத்து (பொட்டாஷ்) தூக்கலாக.

பயிர் முடிந்ததும் தொட்டிக் கலவை மாமரத்தடிக்குப் போகும். ஜல்லியில் சிக்கிய வேரைப் பொறுக்கி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி அலசி, மறுபடி அதையே பயன்படுத்தலாம். மழைத்தண்ணீர் விட்டு அலசினால் உப்பும் இறங்கும்.

ஏக்கர் கணக்கில் இது கட்டுப்படியாகுமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன், என் குடில் சின்னது. நான் பார்த்ததெல்லாம் ஓசூர் குளிர்ச்சியில்தான். தருமபுரி சமவெளியில் சித்திரை வெயிலுக்குப் பூ உதிர்வதை எந்தப் படுக்கையும் தடுக்காது. அங்கே ஆடி, ஆவணி நடவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ரகமும் கயிறு கட்டி மேலே ஏற்றுகிற, வளர்ந்துகொண்டே போகிற ரகமாக இருக்கட்டும். குட்டை ரகத்துக்கு இவ்வளவு ஜல்லி சுமக்க வேண்டாம்.